ஒரு சாண் மேற்கு

மார்ச் 3, செவ்வாய்

மலை மாகாணம் இன்று வந்து இறங்கிவிட்டது. ஒன்பதாம் தேதி வந்தால் போதும் என்று தெளிவாக எழுதியிருந்தேன். யார் கேட்கிறார்கள்! கூடவே நான்கு ஆட்கள். காகிதக் கூழையும் சாந்தையும் நம்பாமல் நிஜக் கல்லிலேயே மலையைச் செய்து கொண்டுவந்திருக்கிறார்கள். இறக்கும்போது கூடத்து வாசற்படி ஒன்று உடைந்தது. சிகரம் என் இடுப்பு வரை வருகிறது. "உயரத்தைக் கூட்டிக் காட்டக் கூடாது, எல்லா மாகாணத்துக்கும் ஒரே அளவுகோல்" என்று சுற்றறிக்கையில் அடிக்கோடு போட்டுச் சொல்லியிருந்தேனே என்றால், நால்வரில் மீசைக்காரர் சொல்கிறார்: "மேடம், எங்க மலையை யாரும் குனிஞ்சு பாத்ததில்ல. நிமிந்துதான் பாக்கணும்."

நிமிர்ந்து பார்க்க வேண்டுமென்றால் நான் தரையில் படுக்க வேண்டும்.

யோசனை எங்கள் இயக்குநருடையது. கண்காட்சிக் கூடத்தின் நடுவில் நாட்டின் வடிவத்தில் ஒரு பள்ளம் வெட்டி, சுற்றிலும் சிமெண்ட் விளிம்பு கட்டியாகிவிட்டது. ஏழு மாகாணங்களும் தங்கள் பகுதியைத் தாங்களே செய்து அனுப்ப வேண்டும், நாங்கள் வாங்கிப் பொருத்த வேண்டும். "அப்பதான் ஒவ்வொரு மாகாணத்தோட குணமும் தெரியும்" என்றார். இருபத்தெட்டாம் தேதி அமைச்சர் வந்து திறக்கிறார். யோசித்தது அவர். அல்லாடுவது நான்.

மீசைக்காரரும் மற்ற மூவரும் விடுதிக்குப் போக மாட்டார்களாம். மலைக்குப் பக்கத்திலேயே பாயை விரித்துவிட்டார்கள்.

மார்ச் 5, வியாழன்

வீட்டுக்காரர் போன் செய்தார். மேற்கு மாகாணத்துக்குத் தற்காலிகமாகப் போன மாட்டு டாக்டர் வேலை இந்த மாதத்தோடு முடிகிறது. அங்கேயே நிரந்தரமாக இருந்துவிடச் சொல்கிறார்களாம். முப்பத்தொன்றாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

"நீயும் பொண்ணும் வர்றீங்கன்னா இருக்கேன். இல்லேன்னா திரும்பி வந்துடறேன்" என்றார். ஏதோ கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்பதுபோல.

எப்படி இருக்கிறது பாருங்கள்! முடிவை என் தலையில் கட்டிவிட்டு அவர் பாட்டுக்கு நல்லவராகிவிட்டார். திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? இங்கே இருந்தபோது ஒரு மாட்டையாவது தொட்டுப் பார்த்தாரா? நாள் முழுக்க மாடுகளைப் பற்றிய பைல்களைப் பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். மாத்திரைப் பெட்டி தனியாக ஒன்று வைத்திருந்தோம். அங்கே போன பிறகு வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆனால் நான் அங்கே போய் என்ன செய்ய? ஒரே ஒரு தடவை போனேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் வெட்டவெளி. மரம் என்று சொல்ல ஒன்றிரண்டு. அங்கே உள்ளவர்களிடம் நாம் ஒன்று கேட்டால், பதில் வருவதற்குள் கேள்வியே மறந்துவிடும். ஒரு நாள் முன்னதாகவே பஸ் ஏறிவிட்டேன்.

"இப்ப என்ன பண்றீங்க?" என்று கேட்டேன்.

"உக்காந்திருக்கேன்."

"எங்க?"

"வெளிய."

"என்ன பாத்துக்கிட்டு?"

"ஒண்ணும் இல்ல."

அதைச் சொல்லும் குரலில் அவ்வளவு நிம்மதி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மார்ச் 9, திங்கள்

கெடு நாள். வந்தவை இரண்டு.

ஆற்று மாகாணம்: பச்சை வயல்கள், நடுவில் நீல ஆறு, கண்ணுக்குக் குளிர்ச்சி. கொண்டுவந்தவர் அவ்வளவு பணிவு. எதைச் சொன்னாலும் "ஆகட்டும்மா, செஞ்சுடலாம்மா." மலை மாகாணத்தின் ஆறு வந்து முடிகிற இடத்துக்கும் இவர்கள் ஆறு தொடங்குகிற இடத்துக்கும் நடுவில் ஒரு முழம் இருக்கிறதே என்றேன். "ஆகட்டும்மா" என்றார். சாயங்காலம் வரை தூரிகையைத் தொடவில்லை. மீசைக்காரரோ, "எங்க ஆறு எங்க இறங்குதோ அங்கதான் அவங்க வாங்கிக்கணும்" என்று ஒரே பிடியாக நிற்கிறார்.

காட்டு மாகாணம்: மூடிய பெட்டியில். அவர்கள் அதிகாரி வந்து பார்க்கும்வரை திறக்கக் கூடாதாம். மதியம் அவர் வந்து, என்னை ஏற இறங்கப் பார்த்து, பெட்டியை நான்கு பக்கமும் தட்டிப் பார்த்துவிட்டுத் திறந்தார். உள்ளே மரங்களுக்குப் பதில் நிஜப் பாசி. பாசிக்குள் நிஜ எறும்பு. இப்போது என் மேசை இழுப்பறை வரை எறும்பு.

மார்ச் 10, செவ்வாய்

கரை மாகாணம் நாளைக்கு வருகிறதாம்.

மார்ச் 11, புதன்

நாளைக்காம்.

மார்ச் 13, வெள்ளி

கரை மாகாணம் வந்தது! சாரி என்று ஒரு வார்த்தை கிடையாது. வந்த அரை மணிக்குள் காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லாரையும் மாமா, மச்சான் ஆக்கிவிட்டார்கள். கடலுக்குப் பூசிய வார்னிஷ் இன்னும் காயவில்லை. கை வைத்துப் பார்த்த இயக்குநரின் சட்டை முழங்கை வரை நீலம். அவரே சிரிக்கிறார். நான் தாமதமாக வந்தால் சிரிப்பாரா?

தீவு மாகாணம் தனித்தனிப் பெட்டிகளில் வந்தது. ஒரு தீவைக் காணோம். கேட்டால், "அது மழைக்காலத்துல முழுகிடும் மேடம், இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது" என்கிறார் கொண்டுவந்தவர். வரைபடத்தில் இருக்கிறதே ஐயா! "வரைபடம் கோடையில எடுத்தது."

தலைநகர் மாகாணத்தை எங்கள் அலுவலகமே செய்கிறது. அது இன்னும் முடியவில்லை. இயக்குநர் தன் வீடு இருக்கும் தெருவுக்கு மட்டும் விளக்கு வைக்கச் சொல்லியிருக்கிறார்.

தலை விண்விண் என்று தெறிக்கிறது.

மார்ச் 14, சனி

மேற்கு மாகாணம் வந்தது. கூட யாரும் இல்லை. லாரி டிரைவர் மட்டும். ஒரு கடிதம் இல்லை, அதிகாரி இல்லை, பேச்சு இல்லை. "எங்க வைக்கணும்?" என்றார், வைத்தார், போய்விட்டார்.

பிரித்துப் பார்த்தால் கெட்டிப் பலகை. இரண்டு கதவுகளைச் சேர்த்து வைத்த அகலம். மேலே மண் நிறம். அவ்வளவுதான். மலை இல்லை, ஆறு இல்லை. இன்னும் செய்யவே தொடங்காமல் அனுப்பிவிட்டார்களோ என்று நினைத்தேன். எங்கள் தச்சர் அதைச் சுற்றி வந்து, "இது மேல் பக்கமா, அடிப் பக்கமா மேடம்?" என்று கேட்டார்.

வீட்டுக்காரரிடம் போனில் சொல்லிச் சிரித்தேன். "உங்க மாகாணம் வந்துடுச்சு. ஒண்ணுமே இல்லாத ஊர், ஒண்ணுமே இல்லாத பலகை."

அவர் சிரிக்கவில்லை. "ம்" என்றார். வாராவாரம் கேட்பாரே, 'எப்ப வர்ற' என்று. அதையும் கேட்கவில்லை. கேட்டால் எரிச்சலாக இருக்கும். கேட்காதது அதைவிட எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 16, திங்கள்

பொருந்தவில்லை.

காலையிலிருந்து பன்னிரண்டு பேர் தூக்கித் தூக்கி வைத்தோம். பொருந்தவே இல்லை. மலையை வைத்தோம், ஆற்றை ஒட்டினோம், காடு, கரை, தீவு, தலைநகர். கடைசியில் மேற்குக்கு என்று மிச்சமிருந்த இடம் பலகையைவிட ஒரு சாண் குறைவு. எல்லைக் கோடு வரைந்த தாளை ஒவ்வொருவருக்கும் நானே அனுப்பினேன். ஒரே அச்சு. எப்படிக் குறையும்?

ஒவ்வொன்றையும் அளந்து பார்த்தேன். மற்ற ஆறு மாகாணமுமே பெரிது! ஒவ்வொருவராகக் கேட்டால், ஒப்பித்து வைத்ததுபோல ஒரே பதில்: "ஓரத்துல கொஞ்சம் விட்டு வெச்சோம் மேடம். வேணும்னா சீவிக்கலாம்னு." தையற்காரர் துணியில் மடிப்பு விடுவதுபோல ஆறு மாகாணமும் விட்டிருக்கிறது. எங்கள் தலைநகர் உட்பட. சரி, சீவுங்களேன் என்றால் யாரும் அசையவில்லை.

அனுப்பிய தாளில் உள்ளபடியே செய்தது ஒரே ஒரு மாகாணம்தான். மொட்டைப் பலகை.

மார்ச் 18, புதன்

கூட்டம். அதைக் கூட்டம் என்று சொல்லக் கூடாது, சந்தைக் கடை.

மலைக்காரர்: "கல்லைச் சீவினா விரிசல் விடும். கடலைச் சீவுங்க, தண்ணிதானே." கரைக்காரர்கள்: "கடலைச் சீவினா மீனவங்களுக்கு என்ன பதில் சொல்றது?" காட்டு அதிகாரி பேசவே இல்லை, பெட்டியின் மூடியை மட்டும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். தீவுக்காரர் தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லாத மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆற்று மாகாணத்தவர் "சீவிடலாம்மா, தாராளமா" என்றார். உளியைக் கையில் கொடுத்தேன். நன்றி சொல்லி வாங்கி மேசைமேல் வைத்துவிட்டார்.

நம் தலைநகரையாவது சீவலாமே என்றேன். இயக்குநருக்கு முகம் மாறியது. "நாம எல்லாருக்கும் பொதுவானவங்க. நம்மளது கொஞ்சம் பெரிசா இருந்தா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

மேற்கிலிருந்து யாரும் வரவில்லை. அழைப்பு அனுப்பியிருந்தோம். 'நீங்கள் முடிவு செய்வது சரியாக இருக்கும்' என்று ஒரு வரி பதில் வந்திருந்தது. இப்படி இருந்தால் யார்தான் ஏறி மிதிக்க மாட்டார்கள்? எனக்கு அவர்கள்மேல்தான் அதிகக் கோபம் வந்தது.

மார்ச் 19, வியாழன்

மழை. கூடத்தின் கூரை ஒழுகுகிறது. அதுவும் பாக்கி இருந்ததா?

மலையை ஆட்கள் தங்கள் போர்வையால் மூடிவிட்டார்கள். காட்டுக்கு அதன் பெட்டி. மற்றவற்றுக்குத் தார்ப்பாய். எல்லாவற்றையும் மூடி முடித்துத் திரும்பினால் மேற்கு மட்டும் நனைந்துகொண்டு கிடக்கிறது. அதை யாரும் நினைக்கவே இல்லை. நானும்தான்.

துணியை எடுத்துக்கொண்டு துடைக்க உட்கார்ந்தேன். தண்ணீர் பலகை முழுக்கப் பரவியிருக்கவில்லை. அங்கங்கே, காசு அளவில், இலை அளவில், சின்னச் சின்னதாகத் தேங்கி நின்றது. கையால் தடவிப் பார்த்தேன். பலகை சமமாக இல்லை! மெல்லச் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் மேடேறி, ஒரு பக்கம் இறங்கி, கண்ணுக்குத் தெரியாது, உள்ளங்கைக்குத்தான் தெரியும். உயரத்தைக் கூட்டிக் காட்டக் கூடாது என்று நான் எழுதியதை எழுத்துக்கு எழுத்து செய்திருக்கிறார்கள்.

கிழக்கு ஓரத்தில் ஒரு தேக்கம். கொஞ்சம் நீளமாக, அவரைக் கொட்டை மாதிரி. அதை மட்டும் துடைக்காமல் வந்துவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

மார்ச் 20, வெள்ளி

வீட்டுக்காரரிடம் போனில் அந்தத் தேக்கத்தைச் சொன்னேன். அவரைக் கொட்டை மாதிரி என்றதும் என்னை நிறுத்தினார்.

"கிழக்கு ஓரத்துலயா? வளைஞ்சு இருக்கா?"

"ஆமா."

"அது நம்ம வீட்டுக்குத் தெக்க இருக்கற தாங்கல். மழை பெஞ்சா மூணு மாசம் தண்ணி நிக்கும். மாடெல்லாம் அங்கதான் வரும். அதுக்குப் பேர்கூட கிடையாது." பிறகு, "அதையா செதுக்கி இருக்காங்க?" என்றார். அப்புறம் நிறுத்தவே இல்லை. எந்த மேட்டில் நின்றால் எந்த ஊர் விளக்கு தெரியும், எங்கே மண் நிறம் மாறும், மழை வரும் முன் மாடுகள் எந்தப் பக்கம் திரும்பி நிற்கும்... இந்த மனிதர் இவ்வளவு பேசி எத்தனை வருஷமாயிற்று!

'நம்ம வீடு' என்றார். அதைக் கவனித்தேன்.

மார்ச் 23, திங்கள்

மேற்கை அறுக்கச் சொல்லிவிட்டார் இயக்குநர். கிழக்கு ஓரத்தில் ஒரு சாண்.

"சார், அது ஒண்ணுதான் சரியான அளவு."

"அதனாலதான் மேடம். மத்ததெல்லாம் அறுத்தா ரகளை. இதுல என்ன போகப் போகுது? அங்க என்ன இருக்கு?"

இரண்டு வருஷமாக நான் போனில் சொல்லிக்கொண்டிருக்கும் அதே வார்த்தை. அதை இவர் வாயால், பல் குத்திக்கொண்டே சொல்லிக் கேட்டபோது உடம்பெல்லாம் எரிந்தது. "ஒரு தாங்கல் இருக்கு சார்" என்றேன்.

"தாங்கலா? பேர் என்ன?"

பேர்தான் இல்லையே!

அந்த ஓரத்தில் முக்கியமான இடம் எதுவும் இல்லை என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கதவைச் சாத்திய சத்தம் எனக்கே அதிகமாகக் கேட்டது.

மார்ச் 25, புதன்

மகளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். எட்டாம் வகுப்புப் படிக்கிறவளிடம் அலுவலகக் கதை சொல்லும் நிலை. லீவுக்கு லீவு அப்பாவிடம் போய் வருகிறவள். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "நீதான் அங்க ஒண்ணும் இல்லேன்னு சொல்லுவியே. இப்ப எதுக்கு அதுக்காக சண்டை போடற?" என்றாள்.

அதிகப்பிரசங்கி. அப்படியே அவள் அப்பா.

சாப்பிடு என்றேன்.

மார்ச் 27, வெள்ளி

அறுத்துவிட்டார்கள்.

என்னைச் சாமான் வாங்கக் கடைத்தெருவுக்கு அனுப்பிவிட்டு அறுத்திருக்கிறார்கள். திரும்பி வந்தபோது கூடத்தில் மரத்தூள் வாசனை. ஏழும் பொருந்தி உட்கார்ந்திருந்தன, ஒரு ஊசி நுழைய இடமில்லாமல். எல்லாரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். மீசைக்காரர் கண் கலங்கிப் போய் நின்றார், மலையைப் பார்த்து.

தச்சர் மட்டும் என் பக்கத்தில் வந்தார். "நான் என்ன பண்ணட்டும் மேடம். அறுன்னாங்க, அறுத்துட்டேன்."

"உங்களச் சொல்லி என்ன அண்ணே பிரயோசனம். அந்தத் துண்டு எங்க?"

குப்பையோடு வெளியே போட்டிருந்தார்கள். போய் எடுத்து வந்தேன். என் உயரம், ஒரு சாண் அகலம், நல்ல கனம். தாங்கல் முழுசாக அதில்தான் இருந்தது. பஸ்ஸில் கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார். "என்னம்மா, வீடு கட்றீங்களா?" அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. ஆமாய்யா, கட்டறேன், உனக்கென்ன!

மார்ச் 28, சனி

திறப்பு விழா. அமைச்சர் மலையைத் தட்டிக் கொடுத்தார். கடலைப் பார்த்து, ஈரமா என்று கேட்டார். தலைநகரில் இயக்குநர் தெரு விளக்கு எரிந்தது.

அதற்கப்புறம் பொதுமக்களை விட்டார்கள். எல்லாரும் மலையைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று முண்டியடித்தார்கள். எங்கே நின்று பார்த்தார்கள் தெரியுமா? மேற்கு மாகாணத்தின்மேல் ஏறி நின்று. மேடை என்று நினைத்துவிட்டார்கள். செருப்போடு. ஒரு அம்மா பிள்ளையை அதன்மேல் உட்கார வைத்துச் சோறூட்டினார்.

"இறங்குங்க, அது மாகாணம்!" என்று தொண்டை வறளக் கத்தினேன். "இதுவா?" என்று குனிந்து பார்த்துவிட்டு நகர்ந்தார் ஒருவர். அடுத்த நிமிஷம் வேறு இரண்டு பேர் ஏறினார்கள். இயக்குநர் தூரத்திலிருந்து எனக்குக் கை காட்டினார், விட்டுவிடுங்கள் என்று. நல்ல வேளை, படம் எடுக்க உயரம் சௌகரியமாக இருக்கிறதாம்.

போதும். எனக்கு இந்தக் கூடமும் வேண்டாம், இந்த மலையும் வேண்டாம்.

மார்ச் 31, செவ்வாய்

காலையிலேயே அவருக்குப் போன் செய்தேன். "பதில் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு." பிறகு, "திரும்பி வர்றேன்னு எழுதி வெச்சிருக்கேன். நீ கவலைப்படாத" என்றார்.

"யாரைக் கேட்டு எழுதினீங்க? கிழிச்சுப் போடுங்க" என்று கத்திவிட்டேன். ஒரு நல்ல வார்த்தையைக்கூட எனக்கு நல்லபடியாகச் சொல்ல வரவில்லை.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மேற்கத்திக்காரராகவே ஆகிவிட்டார். கேள்வி எனக்கே மறந்துபோகும் நேரத்தில், "தெக்குப் பக்கம் ஜன்னல் வெச்ச ரூம் ஒண்ணு காலியா இருக்கு. பொண்ணுக்கு ஆகும்" என்றார்.

மே 30, சனி

பஸ் ஏறுகிறோம். பலகையைக் கூரைமேல் கட்ட மாட்டேன் என்கிறார் கண்டக்டர். நானா விடுவேன்?

ஜூன் 14, ஞாயிறு

புழுதி. எதைத் தொட்டாலும் புழுதி. துடைத்துவிட்டுத் திரும்பினால் மறுபடி புழுதி. கடை மதியமே மூடிவிடுகிறது. நான் மாற்றலாகி வந்த நில அளவை அலுவலகத்தில் என்னையும் சேர்த்து இரண்டே பேர். மற்றவர் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, ஆக நாளுக்கு இரண்டு வார்த்தை பேசுகிறார். இரண்டும் "சரி." என் வாய்தான் வலிக்கிறது.

பலகையைச் சமையலறை ஜன்னலுக்குக் கீழே வீட்டுக்காரர் அடித்துக் கொடுத்துவிட்டார். டீ டம்ளர், உப்பு ஜாடி, மகளின் சீப்பு எல்லாம் அதன்மேல். காலையில் டீ கொட்டிவிட்டது. ஓடிப்போய் ஓரத்தில் அவரைக் கொட்டை மாதிரி தேங்கி நின்றது. ஜன்னலுக்கு வெளியே நிஜத் தாங்கலில் இன்னும் தண்ணீர் வரவில்லை. "உள்ள வந்துடுச்சு, வெளிய எப்ப வரும்?" என்று மகள் கேட்டாள். துணியைத் தூக்கி அவள்மேல் எறிந்தேன்.

சாயங்காலம் இயக்குநர் போன் செய்தார். மலையின் கனம் தாங்காமல் பள்ளம் கீழே இறங்குகிறதாம். ஆற்று மாகாணம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டதாம். அந்தப் பழைய அளவுத் தாள்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டார். சொன்னேன். பிறகு மரியாதைக்குக் கேட்டார், "அப்புறம் மேடம், இப்ப என்ன பண்ணிட்டு இருக்கீங்க?"

"உக்காந்திருக்கேன் சார்."

"எங்க?"

"வெளிய."

பக்கத்து நாற்காலியில் இவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காலால் ஒரு எத்து எத்தினேன்.